தோட்டம் போட வந்தவர் ஆர்க்கிடெக்ட் ஆன கதை

பிளேஸ்மென்ட் சீசன் நடக்குது. 21 வயசுல ஆஃபர் லெட்டர் வரலைன்னா வாழ்க்கையே முடிஞ்சு போச்சுங்கிற மாதிரி ஹாஸ்டல்ல ஆளாளுக்கு முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கோம். நானும்தான். இந்த நேரத்துல, தன் தொழிலுக்கான தகுதியையே 38 வயசுலதான் வாங்கின ஒருத்தரைப் பத்தி உங்களுக்குச் சொல்லணும்னு தோணுது.

அவர் பேர் ஜெஃப்ரி பாவா. இலங்கைக்காரர். ஆர்க்கிடெக்சர் படிக்கிற நண்பர்களுக்கு இந்தப் பேரை அறிமுகம் செய்யவே வேண்டாம். மத்தவங்களுக்குச் சொல்றேன்: இலங்கை நாடாளுமன்றத்தை வடிவமைச்சவர் அவர்தான். நம்ம ஊர் வெயில், மழை, ஈரம் இதுக்கெல்லாம் ஏத்த மாதிரி நவீனக் கட்டடம் எப்படிக் கட்டலாம்னு கத்துக்க இன்னைக்கும் உலகம் முழுக்க இருந்து மாணவர்கள் அவர் கட்டடங்களைப் பார்க்கப் போறாங்க. அப்படிப்பட்டவர் இந்தத் தொழிலுக்கு வந்ததே ஒரு வீட்டுத் தோட்டத்தால்தான்.

எனக்கு அவரைத் தெரிய வந்ததும் எங்க வீட்டுத் தோட்டத்தால்தான். அதை முதல்ல சொல்லிடறேன்.

எங்க வீடு திண்டிவனத்துல இருக்கு. 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்களுக்குப் பக்கத்துல இருக்கிற மயிலத்துல ஒரே நாள்ல 51 சென்டிமீட்டர் மழை. எங்க வீட்டுப் பின்பக்கம் முட்டி அளவு தண்ணி நின்னுச்சு. பெரிய முருங்கை வேரோட சாய்ஞ்சுது. ஆயா வெச்ச கனகாம்பரம், டிசம்பர் பூ, அடுக்குமல்லி எல்லாம் தண்ணியிலேயே நின்னு அழுகிப் போச்சு. தண்ணி வடிஞ்சதும் அப்பா ஒரே முடிவா சொல்லிட்டார்: மொத்த இடத்துக்கும் சிமென்ட் போட்டுடலாம், வருஷா வருஷம் இந்தச் சேத்தை அள்ள முடியாது. ஆயா ஒண்ணுமே சொல்லல. அவங்க சும்மா இருந்ததுதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு.

சிவில் படிக்கிற பிள்ளை நான், ஒரு பிளான் போட்டுக் காட்டிடலாம்னு போனைத் திறந்து காட்டேஜ் கார்டன்னு தேடினேன். வெள்ளை மரவேலி, ரோஜாக் கொடி ஏத்தின வளைவு, ஊதாப் பூ பூத்த லாவண்டர் வரிசை. பார்க்க அவ்வளவு அழகு. திண்டிவனத்துச் சித்திரை வெயில்ல அந்த லாவண்டர் எத்தனை நாள் தாங்கும்னு நீங்களே சொல்லுங்க. அப்படித் தேடிக்கிட்டே போனப்பதான் பாவாவோட லூனுகங்கா தோட்டம் கண்ணுல பட்டுச்சு. அன்னைக்கு ராத்திரி தூங்கல.

வக்கீல் வேலை பிடிக்காத வக்கீல்

பாவா 1919 ஜூலை 23 அன்று கொழும்பில் பிறந்தார். அப்பா பெஞ்சமின் பாவா பேரெடுத்த வக்கீல். அவர் குடும்பத்தில் முஸ்லிம் ரத்தமும் இருந்தது, ஆங்கிலேய ரத்தமும் இருந்தது. அம்மா பெர்த்தா ஷ்ரேடர் வழியில் ஜெர்மன், ஸ்காட்லாந்து, சிங்களக் கலப்பு. பாவாவின் சின்ன வயசிலேயே அப்பா இறந்துவிட்டார். பணத்துக்குக் குறையில்லை. ஆறரை அடி உயரம் வளர்ந்த அந்தப் பையன் ராயல் கல்லூரியில் படித்துவிட்டு 1938-ல் கேம்பிரிட்ஜ் போனார். அங்கே ஆங்கில இலக்கியம் படித்தார். அப்புறம் லண்டனில் சட்டம். 1944-ல் வக்கீலாகத் தகுதி பெற்றார்.

ஊருக்குத் திரும்பி வக்கீல் தொழில் பார்த்தார். பிடிக்கவில்லை. 1946-ல் அம்மாவும் போன பிறகு வேலையை விட்டுவிட்டு ஊர் சுற்றக் கிளம்பினார். கிழக்காசியா, அமெரிக்கா, ஐரோப்பா என்று ரெண்டு வருஷம். இத்தாலியில் கார்டா ஏரிக்கரைப் பக்கம் ஒரு வீடு வாங்கி அங்கேயே தங்கிவிடலாமா என்ற யோசனை வரைக்கும் போனார். அது நடக்கவில்லை. 1948-ல் இலங்கைக்கே திரும்பினார். அப்போ அவருக்கு 29 வயசு. கையில் ரெண்டு பட்டம், செய்ய விரும்புகிற வேலை ஒன்றுமில்லை. இதே நிலைமையில இருக்கிற நாலு சீனியர்களை உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். என்ன, பாவாகிட்ட பணம் இருந்துச்சு. அந்த வித்தியாசத்தை மறைச்சுட்டு இந்தக் கதையைச் சொல்றது நியாயம் இல்ல.

அவருக்கு ஒரு அண்ணன், பெவிஸ் பாவா. பத்து வயசு மூத்தவர். பேருவளைக்குப் பக்கத்தில் பெவிஸ் தன் தோட்டத்தை வருஷக்கணக்கில் பார்த்துப் பார்த்து உருவாக்கியிருந்தார். அதற்குப் பேர் பிரீஃப். அப்பா ஒரு வழக்கில் வாதாடிக் கிடைத்த கட்டணத்தில் வாங்கிய நிலம் என்பதால் அந்தப் பேர். அண்ணன் தோட்டம் கண் முன்னால் இருந்தது, இத்தாலியத் தோட்டங்கள் மனசுக்குள் இருந்தன. 1948-ல் தம்பியும் பெந்தோட்டைக்குப் பக்கத்தில், தெத்துவ ஏரிக்கரையில், கைவிடப்பட்ட ரப்பர் தோட்டம் ஒன்றை வாங்கினார். சுமார் 25 ஏக்கர். குன்றின் மேல் ஒரு தாழ்ந்த பழைய வீடு. சுற்றிலும் ரப்பர் மரம், ஏரி கூடச் சரியாகத் தெரியாத அளவுக்கு. அதற்கு லூனுகங்கா என்று பேர் வைத்தார். சிங்களத்தில் உப்பாறு என்று அர்த்தம்.

தெரியாதுன்னு தெரிஞ்ச நாள்

அங்கே ஒரு இத்தாலியத் தோட்டம் போட வேண்டும் என்பதுதான் அவருடைய முதல் எண்ணம். நான் போனில் பார்த்த லாவண்டர் மாதிரிதான் அதுவும். ஆனால் வேலையில் இறங்கினதும் அவருக்கு ஒன்று புரிந்தது. மனசில் இருப்பதைத் தரையில் கொண்டுவரும் தொழில்நுட்பம் தன்னிடம் இல்லை. எவ்வளவு மண் வெட்டணும், வெட்டின மண் எங்கே போகும், மழைத் தண்ணி எந்தப் பக்கம் ஓடும், சுவர் எவ்வளவு தாங்கும், இதெல்லாம் இலக்கியமும் சட்டமும் சொல்லித் தராத விஷயங்கள்.

இந்த இடத்தில் பணக்காரர் யாராக இருந்தாலும் ஒரு ஆளைக் கூப்பிட்டு வேலையை ஒப்படைத்திருப்பார். பாவா தானே கற்றுக்கொள்ளக் கிளம்பினார். 1951-ல் கொழும்பில் எட்வர்ட்ஸ், ரீட் அண்ட் பெக் நிறுவனத்தைச் சேர்ந்த ரீட் என்ற கட்டடக் கலைஞரிடம் பயிற்சியாளராகச் சேர்ந்தார். அடுத்த வருஷமே ரீட் இறந்துவிட்டார். அத்தோடு விட்டிருக்கலாம். விடாமல் லண்டன் போய் ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷன் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். தன்னைவிடப் பத்து, பதினைந்து வயசு சின்னப் பசங்களோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்தார். 1957-ல் தகுதி பெற்றபோது வயசு 38. கொழும்புக்குத் திரும்பி, ரீட் விட்டுப் போன நிறுவனத்தையே எடுத்து நடத்த ஆரம்பித்தார்.

ஒரு அரியருக்கே நாம என்ன பாடு படறோம்னு யோசிச்சுப் பாருங்க.

வெட்டித் திறந்த குன்று

இனி லூனுகங்காவுக்கு வருவோம். அது ஒரே வருஷத்தில் போட்ட தோட்டம் இல்லை. 1948-ல் தொடங்கி, பாவாவின் உடம்பு ஒத்துழைத்த வரைக்கும், 50 வருஷம் நடந்த வேலை. வாரம் முழுக்கக் கொழும்பில் ஆபீஸ், வார இறுதியில் லூனுகங்கா. அங்கே போய் ஒரு மரத்தை எடுப்பார், ஒரு படி கட்டுவார், ஒரு சிலையை இடம் மாற்றி வைப்பார்.

அவர் செய்த பெரிய வேலைகளில் பாதி, நடுகிற வேலையே இல்லை, எடுக்கிற வேலை. வீட்டுக்குத் தெற்கே இருந்த சின்ன குன்று ஒன்று ஏரியை மறைத்தது. கறுவாக் குன்று என்று அதற்குப் பேர். மேலே இருந்த மரங்களை எடுத்து, குன்றின் உச்சியையே வெட்டித் தாழ்த்தினார். அதற்கப்புறம் வீட்டிலிருந்து பார்த்தால் புல்வெளி ஏறி இறங்கும், அதுக்கு அப்பால் ஏரி, ஏரிக்கு அப்பால் தூரத்துக் குன்றில் ஒரு புத்த விகாரையின் வெள்ளைத் தூபி. அந்தத் தூபி அவர் நிலத்தில் இல்லை. அவர் கட்டியதும் இல்லை. ஆனால் பார்க்கிறவர் கண்ணுக்கு அது அவர் தோட்டத்தின் கடைசிப் புள்ளி மாதிரி இருக்கும். கண் நேராகத் தூரத்துக்கு ஓடிவிடாமல் நடுவில் நின்று போகட்டும் என்று குன்றின் மேல் மரத்தடியில் ஒரு பெரிய சீன ஜாடியை வைத்தார். பார்வை முதலில் ஜாடியில் நிற்கும், அப்புறம் தூபிக்குப் போகும்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. வீட்டுக்கும் அந்தக் குன்றுக்கும் நடுவில் ஊர்க்காரர்கள் போகும் பாதை ஒன்று குறுக்கே ஓடியது. சுவர் கட்டினால் பார்வை மறையும். அதனால் பாதையைப் பள்ளத்தில் இறக்கி, மேலே நடந்து போக ஒரு பாலம் போட்டார். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தால் பாதையே தெரியாது, புல்வெளி ஒரே வீச்சாக ஓடும். ஊர்க்காரர்கள் கீழே தங்கள் வழியில் போய்க்கொண்டே இருக்கலாம். சிவில், மெக்கானிக்கல் என்று எந்தத் துறையாக இருந்தாலும் இதைக் கவனியுங்க. இது லெவல் சம்பந்தப்பட்ட சாதாரணக் கணக்குதான். நாம சர்வே லேபில் டம்பி லெவலை வெச்சுக்கிட்டு ரீடிங் எழுதறோமே, அதே கணக்கு.

வீட்டுக்குள் நுழையும் திசையையும் மாற்றினார். வருகிறவருக்கு ஏரி உடனே தெரிந்துவிடாது. படி ஏறி, வீட்டைத் தாண்டி வந்த பிறகுதான் கீழே தண்ணீர் விரியும். மாடியை ஒட்டின வெளியில் ஈழத்தலரி மரம் ஒன்று உண்டு. நம்ம கோயில் வாசல்ல வெள்ளையும் மஞ்சளுமாப் பூத்துக் கொட்டிக் கிடக்குமே, அந்த மரம்தான். அது தான் நினைத்த மாதிரி படர வேண்டும் என்று கிளைகளில் எடை கட்டித் தொங்கவிட்டு, வருஷக்கணக்கில் வளைத்தார். இன்று அந்த மரத்தைப் பார்ப்பவர்கள் அது இயற்கையாகவே அப்படி வளர்ந்தது என்றுதான் நினைப்பார்கள்.

நாளின் ஒவ்வொரு வேளைக்கும் தோட்டத்தில் ஒவ்வொரு இடத்தில் உட்காருவது அவர் வழக்கம். காலையில் நிழல் எங்கே விழும், மத்தியானம் காற்று எந்தப் பக்கம், சாயங்கால வெளிச்சம் எந்தச் சுவரில் படும் என்று பார்த்து வைத்த இடங்கள். அங்கங்கே மணிகள் தொங்கும். ஒவ்வொரு மணிக்கும் தனிச் சத்தம். சத்தத்தை வைத்தே ஐயா எந்த மூலையில் இருக்கிறார், டீ எங்கே கொண்டு போகணும் என்று வேலைக்காரர்கள் தெரிந்துகொள்வார்கள். ஒரு தோட்டத்தை இப்படி நேர அட்டவணையோட சேர்த்து யோசிக்கணும்னு எனக்கு அதுவரை தோணினதே இல்ல. நாம பிளான் போடும்போது நீளம், அகலம், உயரம்னு நிறுத்திக்கறோம். மணி என்னன்னு கேட்கிறதில்லை.

லூனுகங்காவில் பூ குறைவு. பச்சை அதிகம். பச்சையிலேயே எத்தனை வகை, நிழலிலேயே எத்தனை வகை என்பதுதான் அங்கே விளையாட்டு. கீழே ஏரிப் பக்கத்தில் வயல் கூட உண்டு.

25 ஏக்கர் இல்லாதவங்களுக்கு

இதுவரை படிச்சதும் உங்களுக்குத் தோணியிருக்கும், 25 ஏக்கர் இருந்தா யார் வேணும்னாலும் செய்யலாமே என்று. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. அதுக்குப் பதில் கொழும்பில் இருக்கு.

33ஆவது ஒழுங்கையில் நாலு சின்ன வீடுகள் வரிசையாக, ஒட்டிக்கொண்டு இருந்தன. 1958 வாக்கில் அதில் ஒன்றில் பாவா குடியேறினார். அடுத்த பத்து வருஷத்துக்குள் மற்ற மூன்றும் ஒவ்வொன்றாக அவர் கைக்கு வந்தன. நாலையும் சேர்த்து ஒரே வீடாக்கினார். நெருக்கமான நகரத் தெரு, சுற்றிலும் அடுத்த வீட்டுச் சுவர்கள். அதற்குள் அங்கங்கே கூரையைத் திறந்து, குட்டிக் குட்டி முற்றங்கள் விட்டார். சில முற்றங்கள் ஒரு ஆள் கையை விரித்தால் நிறைந்துவிடும். ஒன்றில் ஒரு மரம், ஒன்றில் கொஞ்சம் தண்ணீர், ஒன்றில் வெறும் கூழாங்கல். நீளமான நடைபாதையின் முடிவில் இருட்டுக்கு அப்பால் ஒரு துண்டு வெயில் விழுந்து கிடக்கும். வீட்டுக்குள் தோட்டமா, தோட்டத்துக்குள் வீடா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பாவாவின் பழைய ரோல்ஸ் ராய்ஸ் கார் இன்றும் அந்த வீட்டில்தான் நிற்கிறது.

முற்றம் நமக்குப் புதுசில்லை. நம்ம பழைய ஓட்டு வீடுகளில் நடுவாசல் வைத்துத்தான் கட்டினார்கள். பாவா அந்தப் பழைய அறிவைப் பழசு என்று ஒதுக்காமல், அலங்காரத்துக்காகவும் ஒட்டவைக்காமல், வேலை செய்கிற பொருளாக எடுத்துக்கொண்டார். அந்தக் காலத்தில் இலங்கையில் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. ஸ்டீல், கண்ணாடி எல்லாம் நினைத்தபடி கிடைக்காது. இருப்பதை வைத்துச் செய்ய வேண்டிய கட்டாயம். நெளிவு சிமென்ட் தகடு மழையை நிறுத்தும், ஆனால் அனலடிக்கும், பார்க்கவும் நன்றாக இருக்காது. நாட்டு ஓடு குளிர்ச்சி, ஆனால் ஒழுகும். அவர் நிறுவனம் தகட்டின் நெளிவுகளிலேயே நாட்டு ஓட்டை அடுக்கியது. ஒழுகலும் நின்றது, அனலும் குறைந்தது. இவ்வளவு எளிமையான டீட்டெயில் ஒன்றை எந்த டெக்ஸ்ட் புக்கிலும் நான் பார்த்ததில்லை.

இந்த வேலைகளில் பாவா தனி ஆள் இல்லை. முதலில் டென்மார்க்கிலிருந்து வந்த உல்ரிக் பிளெஸ்னர் கூட இருந்தார். 1967 முதல் பங்குதாரராக இருந்து, பாவாவின் கோடுகளை நிற்கிற கட்டடமாக மாற்றியவர் ஒரு தமிழர், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பூலோகசுந்தரம். ஆர்க்கிடெக்ட் பேர் ஊர் அறியும், இன்ஜினியர் பேர் டிராயிங்கின் ஓரத்தில் இருக்கும். நம்ம ஆட்கள் இந்தப் பேரையும் தெரிஞ்சு வெச்சுக்கணும்.

பாவா தமிழ்நாட்டிலும் வேலை செய்திருக்கிறார். 1970-களில் சென்னை கன்னிமாரா ஹோட்டலைப் புதுப்பித்தது அவர்தான். மதுரை கோச்சடையில் ஒரு கிளப் கட்டினார். பழைய கட்டடங்களிலிருந்து எடுத்த கல்லையும் தூண்களையும் அதில் பயன்படுத்தினார். அது இப்போது ஒரு ஹோட்டலுக்குள் இருக்கிறது. இலங்கை போக முடியாதவர்கள் மதுரை போகலாம்.

நாடாளுமன்றமும் அதற்குப் பிறகும்

1979-ல் கொழும்புக்குப் பக்கத்தில் கோட்டேயில் புது நாடாளுமன்றம் கட்டும் பொறுப்பு பாவாவுக்கு வந்தது. கொடுத்த இடம் சதுப்பு நிலம். அவர் சதுப்பைத் தூர்வாரி ஏரியாக்கி, நடுவில் தீவு மாதிரி நிலத்தை விட்டு, அதன் மேல் செப்புக் கூரை போட்ட மண்டபங்களை எழுப்பினார். 1982-ல் திறப்பு விழா. லூனுகங்காவில் 30 வருஷமாக மண்ணையும் தண்ணீரையும் நகர்த்திப் பழகிய கைதான் இதையும் செய்தது.

தமிழில் இதை எழுதும்போது ஒரு விஷயத்தைத் தாண்டிப் போக எனக்கு மனசு வரல. அந்தக் கட்டடம் திறந்த அடுத்த வருஷம்தான் 1983 ஜூலை. கொழும்பில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன, உயிர்கள் போயின. அதன் பிறகு 2009 வரை போர். நம்ம விழுப்புரம் மாவட்டத்திலேயே, கீழ்ப்புத்துப்பட்டு முகாமில், அந்தத் தீவை விட்டு ஓடி வந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அங்கே வீடு இருந்திருக்கும், வீட்டைச் சுற்றி ஒரு முருங்கையும் ஒரு செம்பருத்தியும் இருந்திருக்கும். 50 வருஷம் ஒரே தோட்டத்தில் வேலை செய்வதற்கு முதலில் அந்த 50 வருஷமும் அங்கே இருக்க விட வேண்டும். பாவாவுக்கு அது கிடைத்தது. அவருடைய திறமையைக் குறைச்சுச் சொல்றதுக்காக இதைச் சொல்லல. லூனுகங்கா படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வருது, அதனால சொல்றேன்.

1998-ல் பாவாவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போனது. உடம்பில் ஒரு பகுதி அசையவில்லை. கோடு போட்டே வாழ்ந்த மனுஷனால் பென்சில் பிடிக்க முடியவில்லை. 2001-ல் ஆகா கான் விருதுக் குழு அவருடைய வாழ்நாள் பணிக்குத் தலைவர் விருது கொடுத்தது. 2003 மே 27 அன்று இறந்தார். நாம பல பேர் அப்போ பிறக்கவே இல்லை. அவரைத் தகனம் செய்தது லூனுகங்காவில், அவர் வெட்டித் திறந்த அதே கறுவாக் குன்றின் மேல். இன்றைக்கு அந்தத் தோட்டத்தை ஒரு டிரஸ்ட் பார்த்துக்கொள்கிறது. கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் சுற்றிப் பார்க்கலாம்.

எங்க வீட்டுப் பின்பக்கம்

இப்போ திண்டிவனத்துக்குத் திரும்புவோம்.

லூனுகங்காவை அப்படியே காப்பி அடிக்கலாம்னுதான் நானும் முதல்ல நினைச்சேன். அதுவும் லாவண்டர் கதைதான். அங்கே வருஷத்துல ரெண்டு பருவ மழை. நமக்குக் கிடைக்கிற மழையில பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில கொட்டித் தீர்த்துடும், அப்புறம் மாசக்கணக்குல காய்ச்சல். பாவாகிட்ட இருந்து செடிப் பட்டியலை எடுத்துக்கறதுல பிரயோஜனம் இல்ல. அவர் வேலை செஞ்ச விதத்தை எடுத்துக்கலாம்.

அதனால அப்பாகிட்ட ஒரு வருஷம் அவகாசம் கேட்டேன். ஒரு வருஷம் சிமென்ட் போட வேண்டாம், செடியும் வாங்க வேண்டாம், பார்த்துக்கிட்டு மட்டும் இருப்போம்னு. சிரிச்சார், ஆனா சரின்னுட்டார்.

லீவுக்கு வரும்போதெல்லாம் ஏ4 தாள்ல அந்த இடத்தை அளந்து வரைஞ்சேன். காலை 8 மணி, மத்தியானம் 12, சாயங்காலம் 4, மூணு வேளையும் நிழல் எங்கே விழுதுன்னு மூணு கலர் பென்சில்ல குறிச்சேன். தை மாசத்து நிழலும் சித்திரை நிழலும் வேற வேற. பிளாஸ்டிக் டியூப்ல தண்ணி ஊத்தி மட்டம் பார்த்தேன். இடம் மூலைப் பக்கம் ஆறு அங்குலம் தாழ்ந்திருக்கு. புயல் தண்ணி ஏன் அங்கேயே தேங்கி நின்னுதுன்னு அப்பதான் புரிஞ்சுது. வீடு கட்டி இத்தனை வருஷத்துல யாரும் அதை அளந்து பார்த்ததே இல்ல. அந்த மூலைக்குத் தண்ணியை விட்டு, அங்கே ஒரு உறிஞ்சு குழி வெட்டினா போதும். சிமென்ட் போட்டிருந்தா அத்தனை தண்ணியும் வீட்டுப் படிக்குத்தான் வந்திருக்கும். இதை வரைஞ்சு காட்டினதும் அப்பா சிமென்ட் பேச்சை விட்டுட்டார்.

நானே எதிர்பார்க்காத விஷயம் ஒண்ணு உண்டு. முருங்கை விழுந்த இடத்துல வானம் திறந்துச்சு. சமையல்கட்டுப் படியில உட்கார்ந்தா இப்போ மதில் சுவருக்கு மேல ஏரிக்கரைப் பனமர வரிசை தெரியுது. 40 வருஷமா அதே படியில உட்கார்ந்து மல்லாட்டை உரிச்ச ஆயா, அங்கிருந்து அந்தப் பனமரத்தைப் பார்த்ததே இல்லையாம். புது முருங்கையை எங்கே வைக்கலாம்னு கேட்டேன். பழைய இடத்துல வேணாம், அது அப்படியே இருக்கட்டும்னு சொன்னாங்க. தெத்துவ ஏரிக்கரைக் குன்றை வெட்ட பாவாவுக்கு எவ்வளவு ஆள் தேவைப்பட்டுச்சோ தெரியாது. எங்களுக்கு ஒரு புயல் வெட்டிக் கொடுத்துச்சு.

இப்போ பிளான் முடிஞ்சாச்சு. முருங்கை மேற்கு ஓரத்துல, சுவரை விட்டு எட்டடி தள்ளி, மத்தியான வெயிலைத் தடுக்கிற மாதிரி. தாழ்ந்த மூலையில உறிஞ்சு குழி, அதைச் சுத்தி ஈரம் தாங்கற வாழையும் கல்வாழையும். மேடான பக்கம் பாத்தியை முக்கால் அடி உசத்தி, கனகாம்பரமும் டிசம்பர் பூவும். நடக்கிற வழியோரம் துளசி, கறிவேப்பிலை, கீரை. படிக்குப் பக்கத்துல பவழமல்லி, விடியற்காலையில ஆயா எழுந்து வரும்போது பூ கொட்டிக் கிடக்கிற மாதிரி. படிக்கு நேரா எதுவும் இல்ல.

இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, காட்டேஜ் கார்டன்னு இங்கிலாந்துல சொல்றதே பழைய காலத்துக் கிராமத்து ஏழை வீட்டுத் தோட்டத்தைத்தான். பூ, மூலிகை, காய்கறி எல்லாம் ஒரே சின்ன இடத்துல கலந்து கட்டி வளரும். ஆயா இத்தனை வருஷமா வெச்சிருந்தது அதேதான். அதுக்கு யாரும் பேர் வைக்கல, அவ்வளவுதான்.

உங்க வீட்டுலயும் ஒரு பின்பக்கமோ, மொட்டை மாடியோ, ஜன்னலுக்கு வெளியே ரெண்டடி இடமோ இருக்கும். இந்த செமஸ்டர் லீவுக்குப் போகும்போது அதை அளந்து ஒரு தாள்ல வரைஞ்சு, மூணு வேளை நிழலைக் குறிச்சுப் பாருங்க. செடி வாங்கறதைப் பத்தி அடுத்த லீவுல யோசிச்சுக்கலாம். வேலை கிடைக்கிறதைப் பத்தி ரொம்பக் கவலையா இருந்தா, 38-ங்கிற நம்பரை அந்தத் தாளோட ஓரத்துல எழுதி வெச்சுக்குங்க. நான் எழுதி வெச்சிருக்கேன்.